தம்பிக்கு டேப்லெட்டில் எது பிடிக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். தம்பிக்கு 32 வயது. மூளை முடக்குவாதமும் (செரிப்ரல் பால்சி) அறிவுசார் குறைபாடும் சேர்ந்தே இருக்கின்றன. பேச்சு ஐந்தாறு சொற்களோடு சரி. வலது கை ஓரளவு வரும், இடது கை மடங்கியே இருக்கும். பத்து அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்று வாங்கி, நிறம், எழுத்து, எண் சொல்லிக்கொடுக்கும் ஆப்களைப் போட்டுக் கொடுத்தீர்கள். இரண்டு நிமிடத்தில் தள்ளிவிடுகிறார். அம்மாவோ, "அவனுக்கு அந்தக் குழந்தைப் பாட்டு ஒன்றுதான் பிடிக்கும், வேற எதுவும் வேண்டாம்" என்கிறார். எதைப் போட்டால் ஆர்வம் வரும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆப் பட்டியல் ஒன்றை எதிர்பார்த்திருப்பீர்கள். அதை நான் தரப்போவதில்லை. சிறப்புக் கல்வியில் பல வருடங்களாகப் பெரியவர்களோடுதான் என் வேலை. ஒருவருக்கு உயிராக இருந்த ஆப் இன்னொருவரைத் திரும்பிக்கூடப் பார்க்க வைக்காது. உங்கள் தம்பிக்கு எது பிடிக்கும் என்பதைத் தம்பிதான் சொல்ல வேண்டும். வாயால் சொல்ல முடியாதவரிடம் கேட்பதற்கும் முறை உண்டு. அந்த முறையைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

அம்மாவின் வார்த்தையை அப்படியே ஏற்க வேண்டாம் என்று நான் சொன்னால் அவர் கோபித்துக்கொள்ளக்கூடாது. இது அம்மாக்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. தினமும் கூடவே இருக்கும் ஊழியர்கள் "இவருக்கு இது பிடிக்கும்" என்று சொன்னதையும், அதே நபர்கள் ஒவ்வொரு பொருளாகக் காட்டும்போது உண்மையில் எதை நாடினார்கள் என்பதையும் 1988இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு ஒப்பிட்டுப் பார்த்தது. ஆய்வில் இருந்தவர்கள் மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஊழியர்கள் சொன்ன பொருள், அந்த நபரே நாடிய பொருளாகவும் இருந்தால்தான் அதைக் கொண்டு அவரை ஒரு செயலுக்கு ஊக்கப்படுத்த முடிந்தது. அம்மாவின் கருத்து தேவைதான், அதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்வோம். தீர்ப்பைத் தம்பி சொல்லட்டும்.

உள்ளடக்கத்துக்குப் போகும் முன்னால் உடம்பைப் பார்க்க வேண்டும். "ஆர்வமே இல்லை" என்று என்னிடம் அழைத்து வரப்படுபவர்களில் பலருக்கு ஆர்வத்தில் குறையே இருக்காது. திரை தெரியாது, அல்லது தொட்டால் வேலை செய்யாது. மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் பலருக்குக் கண் நன்றாக இருந்தும், கண் பார்த்ததை மூளை எடுத்துக்கொள்வதில் சிக்கல் இருக்கும். பத்துப் படங்கள் நெருக்கியடிக்கும் திரை அவர்களுக்கு வெறும் சத்தக்காடு. கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு பொருள், அதுவும் மெதுவாக அசைந்தால் சட்டென்று கண் போகும். நீங்கள் போட்டுக்கொடுத்த கல்வி ஆப்களை ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஓரத்தில் நட்சத்திரம் மின்னும், மேலே பூனை குதிக்கும், கீழே எழுத்து ஓடும். கண் எங்கே போய் நிற்கும்?

கை விஷயம் அடுத்தது. விரல் திரையில் பட்டதும் அவரால் உடனே எடுக்க முடியாவிட்டால் டேப்லெட் அதை 'அழுத்திப் பிடித்தல்' என்று எடுத்துக்கொண்டு வேறு ஏதோ மெனுவைத் திறக்கும். கை நடுங்கினால் ஒரே தொடுதல் மூன்றாகிவிடும். செட்டிங்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல்தன்மைப் பகுதிக்குப் போனால் எவ்வளவு நேரம் தொட்டால் அழுத்திப் பிடித்ததாகக் கணக்கிட வேண்டும் என்று மாற்றலாம். சாம்சங் போன்ற டேப்லெட்களில் அடுத்தடுத்து விழும் தொடுதல்களைப் புறக்கணிக்கச் சொல்லும் வசதியும் உண்டு. எச்சில் வடியும் பழக்கம் இருந்தால் திரையில் விழும் ஈரமும் தொடுதல் போலப் பதிவாகும், பக்கத்தில் ஒரு துணி எப்போதும் இருக்கட்டும். டேப்லெட்டை மடியில் படுக்கவைத்தால் கழுத்தைக் குனிந்து பிடிப்பதிலேயே தெம்பு தீர்ந்துவிடும். சாய்வான பலகையிலோ, அசையாத ஸ்டாண்டிலோ, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். வலது கைக்கு எட்டும் பக்கமாக வையுங்கள். வலிப்பு வரும் ஆள் என்றால் பளிச் பளிச்சென்று வெட்டும் வீடியோக்களை முதலிலேயே கழித்துவிட வேண்டும். ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக்கூடாது என்பதுதான் இணைய அணுகல்தன்மை விதிகளில் உள்ள எல்லை. இதில் சந்தேகம் இருந்தால் நரம்பியல் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள். காதையும் சோதித்துவிடுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு இன்னும் முக்கியம். அவர்களுக்குக் காது மந்தமாவதும் கண்புரை வருவதும் மற்றவர்களைவிடச் சீக்கிரமே நடக்கும்.

சரி, இப்போது எதையெல்லாம் காட்டிப் பார்ப்பது என்ற பட்டியல்.

இதற்கு வீட்டில் எல்லோரையும் தனித்தனியாகக் கேளுங்கள். "அவனுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் எல்லோரும் சொன்னதையே சொல்வார்கள். கேள்வியை மாற்றுங்கள். யாரும் சொல்லாமலே அவர் எதைத் திரும்பிப் பார்க்கிறார்? எந்தச் சத்தம் கேட்டால் அசையாமல் நிற்கிறார்? டிவியில் எந்த விளம்பரம் வந்தால் தலை தூக்குகிறார்? யார் வீட்டுக்கு வந்தால் சிரிக்கிறார், வந்தவர் என்ன செய்ததும் சிரிக்கிறார்? எதை நிறுத்தினால் கத்துகிறார்? அம்மா சொல்லாத ஒன்றை எதிர்வீட்டுப் பையன் சொல்வான். பெரும்பாலும் நல்ல துப்பு கேள்வியே கேட்கப்படாத ஆளிடம்தான் கிடைக்கிறது.

வரும் பதில்களைக் கேலியாக நினைக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். மின்விசிறி சுற்றுவது, தெருவில் கோலமாவு விற்பவரின் ஒலிபெருக்கி, குக்கர் விசில், கடுகு வெடிப்பது, ரயில் நிலைய அறிவிப்பு, பஸ் ஹாரன், உறுமி மேளம், சாமி புறப்பாட்டு நாதசுரம், கிரிக்கெட் மைதானத்துக் கூச்சல், அத்தை பிள்ளைகளின் சண்டை. இதில் ஒன்றுகூட 'மாற்றுத்திறனாளிகளுக்கான ஆப்' என்று தேடினால் வராது. ஆனால் எல்லாமே வீடியோவாகக் கிடைக்கும், இல்லையென்றால் உங்கள் போனிலேயே எடுத்துவிடலாம். ரயில் எஞ்சின் வருவதும் போவதுமாக மணிக்கணக்கில் வீடியோ போடும் ரயில் பிரியர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் அறியாமலே எத்தனையோ வீடுகளில் நிம்மதியைத் தந்திருக்கிறார்கள்.

வீட்டிலேயே எடுக்கும் வீடியோக்களைக் குறைவாக எண்ணாதீர்கள். ஒரே ஆள், நல்ல வெளிச்சம், கேமரா ஆடக்கூடாது, முதலில் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மாமா சமையலறையில் நின்று டீ ஆற்றுகிறார், அவ்வளவு போதும். பாட்டு என்று வந்தால் வீட்டில் அவர் சிறுவனாக இருந்தபோது ஓடிக்கொண்டிருந்த பாட்டுகளைச் சேருங்கள். 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் வீட்டு ரேடியோவிலும் பக்கத்து டீக்கடையிலும் என்ன ஒலித்தது என்று யோசியுங்கள். அப்பாவுக்குப் பிடித்த அதைவிடப் பழைய பாட்டும் அதற்குள் இருக்கலாம். பக்கவாதத்துக்குப் பின்னோ விபத்துக்குப் பின்னோ பேச்சை இழந்தவர்கள் என்றால் இந்த வேலை எளிது, அவர்களின் பழைய வாழ்க்கையே பட்டியலைக் கொடுத்துவிடும். பிறவியிலிருந்தே குறைபாடு உள்ளவர்களுக்கு யாரும் விருப்பத்தைக் கேட்டதே இல்லை என்பதால் நாம்தான் தோண்ட வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு விஷயங்கள் சேர்ந்ததும் சோதனையைத் தொடங்கலாம். முதல் சுற்றில் ஒன்று ஒன்றாக மட்டும் காட்டுங்கள். 1985இல் கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்காக வகுக்கப்பட்ட முறையின் சாரம் இதுதான்: ஒரு பொருளை முன்னால் வை, சில நொடி காத்திரு, நாடுகிறாரா பார். டேப்லெட்டில் ஒரு வீடியோவை அரை நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சாய்ந்து வந்தாரா, கண் நிலைத்ததா, கை நீண்டதா, தலையைத் திருப்பினாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு நாட்களில் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறையாவது காட்டினால்தான் நம்பலாம். தள்ளிவிடுவதும் பதில்தான், நல்ல பதில். தள்ளப்பட்டவற்றைக் கழித்தால் ஏழெட்டு மிஞ்சும்.

இந்தச் சுற்றோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அங்கே ஒரு சிக்கல் உண்டு. எது காட்டினாலும் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒவ்வொன்றாகக் காட்டும்போது எல்லாமே பிடித்த மாதிரி தெரியும். அதனால்தான் 1992இல் இரண்டிரண்டாகக் காட்டித் தேர்ந்தெடுக்க வைக்கும் முறை வந்தது. வீட்டில் செய்ய இதுவே எனக்கு மிகவும் பிடித்த முறை, நேரம் பிடித்தாலும்.

உதாரணத்துக்கு ஆறு விஷயங்கள் என்று வைத்துக்கொள்வோம்: அம்மா சொல்லும் குழந்தைப் பாட்டு, ரயில், திருவிழா மேளம், கிரிக்கெட், மாமா டீ ஆற்றும் வீடியோ, அடுப்பில் தாளிக்கும் வீடியோ. ஒவ்வொன்றையும் மற்ற ஐந்தோடும் மோத விட்டால் 15 ஜோடிகள். ஒருமுறை இடம், ஒருமுறை வலம் என்று மாற்றி வைக்க வேண்டும், ஆகவே 30. இப்படிச் செய்தால் ஒவ்வொரு வீடியோவும் சரியாக 10 முறை வரும், பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டுவிடலாம். இடம் மாற்றுவதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். வலது கை மட்டும் வருபவர் வலது பக்கம் இருப்பதைத்தான் தொடுவார், நாம் அதை விருப்பம் என்று எழுதிக்கொண்டிருப்போம். உங்கள் தம்பிக்கு மேலும் கீழுமாக வைத்தால் இன்னும் நல்லது, இரண்டும் வலது கைக்கு எட்டும். அப்போது மேல், கீழ் என்று மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரே டேப்லெட்டில் இதைச் செய்ய பவர்பாயிண்ட் ஸ்லைடில் இரண்டு வீடியோக்களைப் பதித்துக்கொள்ளலாம். அது சிரமம் என்றால் ஒரே அளவுள்ள இரண்டு போன்கள் போதும். முதலில் ஒன்றைப் பத்து நொடி ஓட்டி நிறுத்துங்கள், பிறகு மற்றதைப் பத்து நொடி. இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் சத்தங்கள் கலந்து குழப்பும். அப்புறம் இரண்டும் நின்றிருக்க, "எது வேணும்?" என்று ஒரே ஒருமுறை கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இந்தப் பேசாமல் இருப்பதுதான் வீட்டாருக்கு முடியாத காரியம். மூளை முடக்குவாதம் உள்ளவருக்குக் கை கிளம்பவே பத்துப் பதினைந்து நொடி ஆகலாம். இடையில் "இதுவா? இதுவா?" என்று நாம் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். உங்கள் கண்ணையும் கட்டுப்படுத்துங்கள், நீங்கள் எதைப் பார்க்கிறீர்களோ அதைத் தொட்டு உங்களைச் சந்தோஷப்படுத்தப் பழகியவராகத்தான் இருப்பார். அவர் மூக்கைப் பாருங்கள். தொட்டதும் அந்த வீடியோவை அரை நிமிடமாவது ஓட விடுங்கள், தொட்டதற்குப் பலன் இருக்க வேண்டும். ஓர் அமர்வுக்கு ஐந்தாறு ஜோடிகளுக்கு மேல் வேண்டாம்.

எதையும் தொடாமல் முகத்தைத் திருப்பினால் 'இரண்டும் வேண்டாம்' என்று எழுதுங்கள். வற்புறுத்தித் தேர்ந்தெடுக்க வைத்தால் வெறும் வரிசைதான் கிடைக்கும். ஆறும் பிடிக்காதபோதும் ஆறில் ஒன்று முதலிடம் வரும்.

தேர்வு செய்வது சுலபமாக வரும் ஆட்களுக்கு 1996இல் வந்த முறை ஒன்று இருக்கிறது, வேகமானது. ஐந்தாறு படங்களை வரிசையாக வைத்து ஒன்றை எடுக்கச் சொல்வது, எடுத்ததை அனுபவித்ததும் அதை விலக்கிவிட்டு மிச்சத்தில் அடுத்ததை எடுக்கச் சொல்வது. படத்தைப் பார்த்ததும் வீடியோ நினைவுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் இது சரிவரும். ஐந்து நிமிடம் சும்மா விட்டு, எதில் அதிக நேரம் இருக்கிறார் என்று கடிகாரம் பார்க்கும் முறை 1998இல் வந்தது. பிடித்ததைப் பிடுங்கினால் கோபம் வரும் ஆட்களிடம் அதைத்தான் நான் பயன்படுத்துவேன், எதையும் பிடுங்க வேண்டியதே இல்லை.

சோதனை நடக்கும்போது முறுக்கு, பிஸ்கட் எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. சாப்பாட்டையும் பொழுதுபோக்கையும் ஒன்றாகப் போட்டி போட வைத்தால் பெரும்பாலும் சாப்பாடே ஜெயிக்கும், பொழுதுபோக்கில் ஈர்ப்பே இல்லை என்று தவறாகத் தோன்றும். தனியாகச் சோதித்தால் அதே பொழுதுபோக்கு நன்றாக வேலை செய்யும். இதுவும் ஆய்வுகளில் பார்த்த விஷயம்தான். நம் வீடுகளில் தட்டு இல்லாமல் யாரும் உட்காரவே மாட்டோம் என்பதால் சொல்கிறேன்.

கையே வராதவர்கள், கண்ணால் மட்டும் பேசுபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் தம்பிக்கும் அசதியான நாட்களில் கை வராது. அதற்காக முன்கூட்டியே ஒரு தாளில் இரண்டு பத்தி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சந்தோஷமாக இருந்தால் என்னவெல்லாம் செய்வார், பிடிக்கவில்லை என்றால் என்னவெல்லாம் செய்வார். அம்மாவும் நீங்களும் தனித்தனியே எழுதி ஒப்பிடுங்கள். சிலருக்குச் சந்தோஷம் வந்தால் உடம்பு விறைக்கும், பார்ப்பவர் வலி என்று நினைப்பார்கள். சிலர் மிகவும் பிடித்த பாட்டுக்கு ஆடாமல் அசையாமல் மூச்சைக்கூட நிதானமாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கூப்பிட்டாலும் தொட்டாலும் பதில் வராத அசைவின்மை என்றால் மட்டும் அது சிறு வலிப்பாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முடிந்தால் சோதனையை வேறொரு போனில் படம்பிடியுங்கள். நேரில் தப்பியது வீடியோவில் தெரியும்.

முதலிடம் எது என்று தெரிந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. அதில் எது பிடிக்கிறது என்பதுதான் எனக்கு இந்த வேலையிலேயே சுவையான பகுதி.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, நாற்பதைத் தாண்டியவர், டவுன் சிண்ட்ரோம். வீட்டில் பக்திப் பாட்டு என்றார்கள். ஜோடி ஜோடியாகக் காட்டியபோது அவர் திரும்பத் திரும்பத் தொட்டது கொத்து பரோட்டா போடும் வீடியோவை. பசி என்றார்கள், சாப்பிட்ட பிறகும் அதுவே. படத்தை மறைத்துச் சத்தத்தை மட்டும் போட்டோம், அதே சிரிப்பு. சத்தத்தை நிறுத்திப் படத்தை மட்டும் காட்டினோம், திரும்பிவிட்டார். தோசைக்கல்லில் இரண்டு கரண்டிகள் போடும் அந்தத் தாளம்தான் விஷயம். அதற்குப் பிறகு பறை, தையல் மிஷின், தறி ஓடும் சத்தம் என்று ஒரு பெரிய உலகம் திறந்தது. பக்திப் பாட்டிலும் உடுக்கை வரும் இடங்களில் மட்டும் அவர் தலை ஆடும் என்பது அப்போதுதான் வீட்டாருக்கு உறைத்தது.

உங்கள் வீட்டுக் குழந்தைப் பாட்டையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். படம் மட்டும், சத்தம் மட்டும், மெதுவாக, வேறொரு குரலில். திரும்பத் திரும்ப வரும் வரி பிடிக்கிறதா, கீச்சுக் குரலா, மஞ்சள் பின்னணியா, அல்லது அந்தப் பாட்டு வந்தால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கைதட்டுவார் என்பதா? கடைசியாகச் சொன்னதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மா அறையில் இல்லாதபோது அதே பாட்டைப் போட்டுப் பாருங்கள். ஆர்வம் பாதியாகக் குறைந்தால் அவருக்குத் தேவை அம்மாதான், பாட்டு அதற்கு ஒரு சாக்கு. அப்படியானால் எந்த ஆப்பும் தனியாக அந்த இடத்தை நிரப்பாது. சேர்ந்து பார்க்கும் வீடியோ, வீடியோ கால் இவையே வழி.

32 வயது ஆள் மழலைப் பாட்டுப் பார்க்கலாமா என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் நேரடியாக இல்லை, ஆனால் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. எங்கள் துறையிலேயே இதில் இரண்டு கட்சி உண்டு. வயதுக்கேற்றதை மட்டுமே கொடு, இல்லையென்றால் ஊர் அவரைக் குழந்தையாகவே நடத்தும் என்பது ஒன்று. அவர் விருப்பத்தில் கைவைக்க நீ யார் என்பது மற்றொன்று. நான் இரண்டாவது பக்கம் சற்றுச் சாய்ந்தவன். ஆனால் ஒரு நிபந்தனை. அவர் அதை விரும்பித் தேர்ந்தெடுக்கிறாரா, அல்லது 25 வருடமாக வேறு எதையும் யாரும் காட்டவில்லையா என்பது முதலில் தெரிய வேண்டும். திரும்ப வரும் வரியும் துள்ளலும்தான் காரணம் என்றால் கும்மி, காவடிச் சிந்து, ஒயிலாட்டம், கானா, ஸ்டேடியத்தில் கோஷம் போடும் கூட்டம் என்று பெரியவர்கள் ரசிக்கும் எத்தனையோ விஷயங்களில் அதே குணம் இருக்கிறது. அவற்றையும் தட்டில் வையுங்கள். வைத்த பிறகும் மழலைப் பாட்டையே தொட்டால் ஒரு ஹெட்போனை வாங்கிக்கொடுத்துவிட்டு நிம்மதியாக விடுங்கள். நாம் எல்லோரும் யாரும் பார்க்காதபோது என்ன பார்க்கிறோம் என்று யாரும் விசாரிப்பதில்லையே.

அதே நேரம் அவர் வளர்ந்த ஆண் என்பதை மறக்க வேண்டாம். காதல் பாட்டு, சண்டைக் காட்சி, நடனம் எல்லாம் பட்டியலில் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். குழந்தைகளுக்கான யூடியூபை மட்டும் போட்டு அடைத்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

இனி, பிடிப்பது வேறு, ஊக்கம் தருவது வேறு. சும்மா ஓடினால் பார்ப்பார், நின்றுபோனால் கவலைப்பட மாட்டார் என்கிற அளவுக்குப் பிடிக்கும் விஷயங்கள் உண்டு. நின்றதும் அதைத் திரும்ப வரவழைக்க ஏதாவது செய்வாரா என்பதுதான் ஊக்கத்தின் அளவுகோல். வீடியோவை இருபது நொடியில் நிறுத்துங்கள். முன்னால் ஒரு பெரிய சிவப்பு அட்டை. அதைத் தட்டினால் நீங்கள் மறுபடி ஓட விடுகிறீர்கள். இரண்டு மூன்று முறை கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்துவிட்டு, பிறகு காத்திருங்கள். ஐந்து நிமிடத்தில் எத்தனை முறை தட்டினார் என்று எண்ணுங்கள். இன்னொரு நாள் அதே அட்டை, ஆனால் தட்டினால் எதுவும் வராது. அன்றும் அதே அளவு தட்டினால் அவருக்குத் தட்டுவதுதான் பிடித்திருக்கிறது, வீடியோ இல்லை. இப்படி ஓர் இளைஞரைப் பார்த்தேன். போட்டோ ஆல்பத்தில் உயிரையே வைத்திருக்கிறார் என்று வீட்டில் நம்பினார்கள், அவருக்கு விரலால் தள்ளத் தள்ளப் படம் வழுக்கிக்கொண்டு போவதுதான் ஆனந்தம், யார் படமாக இருந்தாலும் ஒன்றுதான். அதிலும் தவறில்லை, ஓவியம் வரையும் ஆப் அவருக்கு அற்புதமாகப் பொருந்தியது.

இத்தாலியைச் சேர்ந்த ஜூலியோ லான்சியோனி என்ற ஆய்வாளர் இதையே பல பத்தாண்டுகளாகச் செய்து காட்டியிருக்கிறார். விரல் நுனி, தாடை, கண் இமை என்று எந்தச் சிறு அசைவு வருகிறதோ அதில் ஒரு மைக்ரோ ஸ்விட்சைப் பொருத்துவார். அசைத்தால் சில நொடிகளுக்குப் பாட்டோ வீடியோவோ வரும். மிகக் கடுமையான பன்முகக் குறைபாடு உள்ளவர்கள்கூடத் தங்களுக்குப் பிடித்தது வரும் என்றால் அந்த அசைவை அதிகமாகச் செய்தார்கள். பின்னாளில் அவரும் ஸ்மார்ட்போன், டேப்லெட் பக்கம் வந்தார். ஆண்ட்ராய்டில் 'ஸ்விட்ச் ஆக்சஸ்' என்ற வசதி, அதாவது திரையைத் தொடாமல் வெளிப் பொத்தானால் இயக்கும் வசதி, மூலம் ப்ளூடூத் ஸ்விட்சை இணைத்து உங்கள் வீட்டிலும் இதைச் செய்ய முடியும். சிவப்பு அட்டையில் பலன் தெரிந்த பிறகு வாங்கினால் போதும். எந்த ஸ்விட்ச், எந்த இடத்தில் பொருத்துவது என்பதைத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் நேரில் பார்ப்பது நல்லது. சென்னைப் பக்கம் வர முடிந்தால் முட்டுக்காட்டில் பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

யூடியூபில் நேரடியாக ஓட்ட வேண்டாம். நடுவில் விளம்பரம் வந்தால் 'நான் தட்டினேன், என் பாட்டு வந்தது' என்ற தொடர்பு அறுந்துபோகும். பாட்டு ஓடி முடிந்ததும் யூடியூப் தானாக அடுத்ததைப் போடும், அதன் பிறகு தேர்ந்தெடுப்பது தம்பி இல்லை, அந்த நிறுவனம். வீடியோக்களை டேப்லெட்டிலேயே சேமித்து விஎல்சி போன்ற எளிய பிளேயரில் ஓட்டுங்கள். ஒரே ஆப்பில் திரையைப் பூட்டிவைக்கும் 'ஆப் பின்னிங்' வசதியைப் போட்டுவிட்டால் தவறுதலாக வெளியே போக முடியாது. காசு கட்டும் வசதிக்கும் பூட்டுப் போடுங்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கண்டுபிடித்த வீடியோவை "சாப்பிட்டால்தான், உடற்பயிற்சி செய்தால்தான்" என்று பணயமாக வைக்கும் ஆசை எல்லா வீட்டிலும் வரும், எங்கள் துறைக்காரர்களுக்கும் வரும். புதிய திறன் ஒன்றைக் கற்றுக்கொடுக்கும்போது கொஞ்சம் பயன்படுத்தலாம். ஆனால் அவருடைய நாளில் அது ஒன்றுதான் சந்தோஷம் என்றால் அதைப் பூட்டி வைக்க நமக்கு உரிமை இல்லை. பொழுதுபோக்கு, ஓய்வு, கலை இவற்றில் பங்கு என்பது மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆவது பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது. இந்தியா 2007இலேயே அதை ஏற்றுக்கொண்டது. தினசரி அவருக்கென்று நிபந்தனை இல்லாத நேரம் ஒன்று இருக்கட்டும். பயிற்சிக்கு வேறொரு வீடியோவைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பின்னாளில் படத்தைத் தொட்டால் அவருக்காகப் பேசும் ஆப் போடும் எண்ணம் வந்தால், சென்னையில் உருவான ஆவாஸ் மாதிரி ஒன்று, அதை இந்தப் பொழுதுபோக்கு டேப்லெட்டில் போடாதீர்கள். "போதும், கொடு" என்று டேப்லெட்டை வாங்கி வைக்கும் நேரத்தில் அவர் வாயையும் சேர்த்து வாங்கி வைத்த மாதிரி ஆகிவிடும். பழைய போன் ஒன்று போதும், அது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக, எவ்வளவு நேரம் என்ற கேள்வி. குழந்தைகளுக்குச் சொல்லும் திரை நேரக் கணக்கை 32 வயதுக்காரருக்குப் போடுவதில் அர்த்தமில்லை. மிகக் குறைவாகக் கொடுப்பதிலும் பிரச்சினை உண்டு. டேப்லெட் மாதிரிச் சாதனங்களைச் சில நொடி மட்டும் கொடுத்துப் பிடுங்கினால் அவற்றின் ஈர்ப்பு குறைவதையும், நீண்ட நேரம் கொடுத்தால் கூடுவதையும் 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பொம்மையைப் போலத் துண்டு துண்டாக அனுபவிக்க முடியாதே, பாட்டு என்றால் சரணம் முடிய வேண்டும். நிறுத்துவது என்றால் பாட்டு முடியும் இடத்தில் நிறுத்துங்கள். முடிவதற்கு முன்னால் ஒருமுறை சொல்லிவிடுங்கள். உடம்பைப் பொறுத்தவரை, அரை மணிக்கு ஒருமுறை உட்காரும் நிலையை மாற்றிவிடுங்கள், கழுத்தும் இடுப்பும் தாங்காது. தூங்கப் போகும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜோடிச் சோதனையைப் புதிய வீடியோக்கள் சேர்த்து மறுபடி நடத்துங்கள், விருப்பம் மாறும். பிடித்ததிலேயே சலிப்பும் வரும். நாலைந்து வீடியோக்களை அவ்வப்போது ஒதுக்கி வைத்து, பிறகு கொண்டுவந்தால் பழைய ஈர்ப்பு திரும்புவது வழக்கம். எல்லாம் செய்தும் திரையை விட்டுவிட்டு ரேடியோப் பக்கமே திரும்புகிறார் என்றால் ரேடியோவையே கொடுங்கள். டேப்லெட்டை அம்மா சீரியல் பார்க்க வைத்துக்கொள்ளட்டும்.